பின்சில்லுக்கும் ஒரு பங்கு: குடாநாட்டு ஓட்டோச் சாரதிமாருக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் முச்சக்கர வண்டிச் சாரதிமாருக்கு,



ஆஸ்பத்திரி வீதியிலும், பஸ் நிலையத்து வாசலிலும், சுன்னாகம், திருநெல்வேலிச் சந்தைகளின் ஓரத்திலும், மந்திகை வைத்தியசாலைக்கு முன்னாலும், புகையிரதம் வரும் வேளைகளிற் கொடிகாமத்திலும், நயினாதீவுப் படகு அணையும் வேளைகளிற் குறிகட்டுவான் இறங்குதுறையிலும் என்று, பகலிரவு பாராது வண்டியை நிறுத்திக் காத்திருக்கும் உங்களுக்கு, உங்கள் பின்னிருக்கையன்றி வேறு வாகனம் அறியாத முதியவன் ஒருவன் எழுதும் மடல் இது. கூலியைக் குறையுங்கள் என்று கேட்பதற்கோ, மீற்றர் பூட்டுங்கள் என்று உபதேசம் செய்வதற்கோ இதனை எழுத முற்படவில்லை; அவ்விஷயங்களைப் பேசுதற்கு வேறு பலர் இருக்கிறார்கள், அவர்கள் உரக்கவே பேசுகிறார்கள். நான் எடுத்துக்கொண்ட விஷயம், வண்டியின் அங்கங்களுள் எவரும் ஏறிட்டுப் பாராததும், சேற்றையும் சாணியையும் வாரிக்கொண்டு மட்காட்டுக்குள் மறைந்து கிடப்பதுமாகிய பின்சில்லு ரயர்கள் இரண்டுமே.

தரிப்பிடத்தில் நிற்கும் வண்டிகளின் பின்புறமாக நடந்து செல்பவன் சற்றே குனிந்து நோக்குவானாயின், மொட்டை ரயர் ஒன்றேனும் இல்லாத வரிசையைக் காண்பது அரிதென்பது அவனுக்கு விளங்கும். வரிப்பள்ளங்கள் முற்றாக அழிந்து வழுவழுத்துப்போனவை சில. அந்த வழுவழுப்பும் தேய்ந்து, உள்ளேயிருக்கும் நைலோன் நூல் வெள்ளையாக எட்டிப் பார்ப்பவை சில. வண்டிக்காரத் தம்பியைக் கேட்டால், "ஐயா, இது இன்னும் ரெண்டு மாசம் தாராளமா ஓடும், வெடிச்சால் பாப்பம்" என்கிறார். அவர் முகத்தில் அப்போது தோன்றும் பெருமிதத்தைக் கவனித்திருக்கிறேன். ஒரு பொருளை அதன் கடைசி மூச்சுவரையிற் பயன்கொள்ளும் சாமர்த்தியம் தமக்கு உண்டென்ற பெருமிதம் அது.

இந்தப் பெருமிதத்தை அசட்டையென்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. ஏனெனில் அது வந்த வழியை நான் அறிவேன். 1990 ஆம் ஆண்டிலே தொடங்கிய பொருளாதாரத் தடையின் காலத்தில், பெற்றோல் என்பது மருந்துபோலத் துளிக்கணக்கில் அளந்து வாங்கும் பொருளாகிவிட, மோட்டார் சைக்கிள்களும் பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களும் அந்தத் துளிகளில் உயிர்பெற்று மண்ணெண்ணெயிலே புகை கக்கி ஓடிய விந்தையை இந்தக் குடாநாடு கண்டிருக்கிறது; மின்சாரம் அற்றுப்போன வீடுகளிலே சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட சனங்கள் நாங்கள். இல்லாமையிலே பிழைக்கும் கலையைக் கற்ற தலைமுறைக்கு, உபயோகித்துத் தீராத ஒன்றைக் கழற்றி எறிவது பாவச் செயலாகவே படும். 2022 ஆம் ஆண்டில் மறுபடியும் ஒரு பஞ்சம் வந்து, கியூ.ஆர். குறியீட்டு முறை ஏற்பட்ட தொடக்கத்தில் முச்சக்கர வண்டிக்குக் கிழமைக்கு 5 லீற்றர் பெற்றோல் என்று வரையறுத்தார்களே, அப்போது அந்தப் பழைய கலையை உங்களுள் இளையவர்களும் கற்றுக்கொண்டீர்கள். ஆயினும் மண்ணெண்ணெயிற் கார் ஓட்டியது சிக்கனம்; மொட்டை ரயரில் ஓட்டோ ஓட்டுவது சிக்கனம் அன்று என்பதே என் கட்சி. முன்னையதில் மனிதன் இல்லாத பொருளுக்கு மாற்றுக் கண்டான். பின்னையதில், செலவழிந்துபோன பொருளைச் செலவழியாதது என்று தன்னைத்தான் நம்பவைத்துக் கொள்கிறான். இந்த வேற்றுமையை விளக்குதற்கு, ரயர் எவ்வாறு தேய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

குடாநாட்டில் ஓடும் வண்டிகளிற் பெரும்பாலானவை பஜாஜ் என்பதும், அதன் மூன்று சில்லுகளுக்கும் 4.00-8 என்ற ஒரே அளவு ரயரே பொருந்தும் என்பதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியவையல்ல. நான்கு அங்குல அகலமும், எட்டு அங்குல றிம்மும் கொண்ட இந்தச் சிறு ரயரின் வெளிவிட்டம் ஏறத்தாழப் பதினாறு அங்குலம். ஒரு முழுச்சுற்றில் அது ஒன்றேகால் மீற்றரைச் சற்றே தாண்டிய தூரந்தான் செல்லும். அப்படியானால் ஒரு கிலோமீற்றருக்கு 780 சுற்று அளவில் ஆகிறது. யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து பருத்தித்துறைக்கு ஒருமுறை போய்ச் சேர்வதற்குள் அந்தச் சில்லு இருபத்தையாயிரம் தடவைக்கு மேற் சுழன்றுவிடும். ஒரு சிறிய காரின் சில்லு அதே தூரத்தை இதன் முக்காற்பங்கு சுற்றுகளிலேயே கடந்துவிடுகிறது. சுற்று அதிகமாக ஆக, இறப்பரின் ஒவ்வோர் அங்குலமும் வீதியை அதிக தடவை உரசுகிறது. உரசலோடு சூடும் ஏறுகிறது. சித்திரை வைகாசியிலே, தார் இளகிக் கிடக்கும் நண்பகலில், அந்தச் சூடு எப்படிப்பட்டதென்று வண்டியை நிறுத்தி ரயரின் பக்கத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தால் தெரியும்.

மூன்றும் ஒரே அளவாயினும் மூன்றுக்கும் ஒரே தொழில் விதிக்கப்படவில்லை. எஞ்சின் இருப்பது பின்னாலே. பிரயாணிகள் மூவர் அமர்வது பின்னாலே. அவர்களுடைய பொதிகள், அரிசிப் பை, சந்தைக்குப் போகும் வெங்காய மூட்டை, கலியாண வீட்டு வாழைக்குலை எல்லாம் ஏறுவதும் பின்னாலேதான். வண்டியைத் தள்ளுவதும் பின்சில்லுகளே. முன்சில்லு வழிகாட்டுகிறது, பிரேக் பிடிக்கையில் பாரம் தாங்குகிறது. உழைப்பின் பெரும்பகுதி பின்னிரண்டின்மேலே விழுகிறது. ஆகையால் பின்ரயர் முன்னதாகத் தேய்வது ரயரின் குற்றமுமன்று, கடைக்காரனின் வஞ்சனையுமன்று. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஆறேழு பேராக அடைத்து ஏற்றும் வண்டிகளைப் பற்றி நான் தனியே சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் சிறியவர்கள் என்பது உண்மை, புத்தகப் பைகள் சிறியவையல்ல என்பதும் உண்மை.

எங்கள் வீதிகளுக்கும் இதிற் பங்குண்டு. காரோட்டிக்கு இரண்டு தடம். உங்களுக்கோ மூன்று தடம். குழியொன்று நேரே வந்தால், காரோட்டி அதனை இரு சில்லுகளுக்கும் நடுவே விட்டுத் தப்பிவிடுவான். உங்களுடைய முன்சில்லு நடுவில் ஓடுவதால், முன்சில்லைக் காப்பாற்ற வெட்டினால் பின்சில்லுகளில் ஒன்று குழிக்குள் விழும். இடப்பக்கமாக ஓடும் நாடு ஆகையாலும், மழைநீர் வடிவதற்காக வீதி ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதாலும், இடப்பின் ரயருக்குச் சற்றே கூடிய பாரம் சேர்கிறது; எதிரே பஸ் வரும்போது தாரை விட்டுக் கிறவலுக்குள் முதலில் இறங்குவதும் அதுவே. பிறகு ஒழுங்கைகள். இருபுறமும் வேலியோ மதிலோ நெருக்க, வளைவுக்கு வளைவு வண்டியை முறித்துத் திருப்ப, வெளிப்பக்கத்துப் பின்சில்லின்மேற் பாரமெல்லாம் சாய, ரயரின் தோள் விளிம்பு கல்லின்மேலே அரைபடும். எங்கள் பூமி சுண்ணக்கல்லின்மேற் கிடக்கும் பூமி. தார் பெயர்ந்த இடத்திலே தலைநீட்டும் அந்தக் கல்லின் கூர்மையைச் செருப்பில்லாமல் நடந்தவர்களும் அறிவார்கள். அந்தக் கல்லே வாகனங்கள் ஓடியோடி மழுங்கியபின் பளபளத்து, முதல்மழை விழுந்த உடனே வழுக்குகிறது. தீவுப்பகுதிக்கு ஓடுகிறவர்களுக்கோ உப்பு: பண்ணைத் தாம்போதியிலும் பொன்னாலைப் பக்கத்திலும் வீசும் கடற்காற்று ரயரை ஒன்றும் செய்யாது, றிம்மைத் துருவேற்றும், துருவின் செதிள் ரியூபை உள்ளிருந்து குத்தும். வீதியில் ஆணி தேடிப் பயனில்லாத காற்றிழப்புகள் பலவற்றின் காரணம் இதுவே.

இனி, தேய்வைப் படிக்கும் வித்தையைச் சொல்கிறேன். எழுத்துப் படித்தவர்களைவிடச் சுன்னாகத்துக்கும் மருதனார்மடத்துக்கும் இடையேயுள்ள ஒட்டுக்கடைக்காரர் ஒருவர் இதனை எனக்கு நன்றாகவே கற்பித்தார். அவர் வண்டியைத் தூக்கியவுடன் முதலிற் கண்ணாற் பார்ப்பதில்லை; உள்ளங்கையை ரயரின்மேல் வைத்து உள்ளிருந்து வெளியே ஒருமுறையும், வெளியிருந்து உள்ளே ஒருமுறையும் தடவுவார். ஒருபக்கம் தடவும்போது வழுவழுப்பாகவும், மறுபக்கம் தடவும்போது அரம் போலக் கரகரப்பாகவும் இருந்தால், சில்லு நேரே உருளாமற் சற்றே கோணி இழுபட்டு ஓடுகிறது என்று பொருள். நடுப்பகுதி மாத்திரம் தேய்ந்து இரு விளிம்பும் புதிதாக நின்றால் காற்று அதிகம். இரு விளிம்பும் தேய்ந்து நடு நின்றால் காற்றுக் குறைவு. ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால், பின்சில்லைத் தாங்கும் கையிலுள்ள புஷ் தேய்ந்தோ, கை வளைந்தோ, சில்லு சரிந்து நிற்கிறது. விட்டுவிட்டு, திட்டுத்திட்டாகத் தேய்ந்திருந்தால், அதிர்வு தாங்கி செத்துப்போய்ச் சில்லு துள்ளித் துள்ளி ஓடுகிறது. ரயரின் உட்பக்கம் எண்ணெய் பட்டுப் பிசுபிசுத்தால் சீல் ஒழுகுகிறது. எண்ணெயை இறப்பர் உறிஞ்சி ஊதிக் கெட்டுவிடும். இந்தக் குறிகளைக் கண்ட பிறகும் காரணத்தைத் திருத்தாமற் புதுரயரை மட்டும் பூட்டுபவன், அந்தப் புதுரயரையும் அதே விளிம்பில் அதே கதிக்குக் கொண்டுபோவான். 2020 முதல் 2025 தொடக்கம் வரையில் நாட்டுக்குள் வாகன இறக்குமதி பெரும்பாலும் தடைப்பட்டிருந்த காரணத்தால், குடாநாட்டில் ஓடும் வண்டிகளிற் பல மூப்பு அடைந்தவை. மூத்த வண்டியிலே புஷ் தேய்வு நோயல்ல, இயல்பு. ஆகையால் ரயர் மாற்றும் நாளே புஷ்ஷையும் பார்க்கும் நாளாக இருப்பது நல்லது.

காற்றின் விஷயத்தில் ஒரு வார்த்தை. எத்தனை இறாத்தல் என்பது உங்கள் வண்டியோடு வந்த கைநூலிலே முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று வேறாகக் குறித்திருக்கிறது. அந்த அளவைப் பார்க்கக் கட்டைவிரல் போதாது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து "நல்லாய்த்தான் இருக்கு" என்று திருப்திப்படும் வழக்கம் சைக்கிளுக்குரியது. காற்றுக் குறைந்த ரயர் பாரத்தின் கீழ்ப் பக்கவாட்டில் மடிந்து மடிந்து நிமிர்கிறது. இந்த மடிப்பே உள்ளேயுள்ள நூற்படைகளைச் சூடேற்றி ஒன்றையொன்று விட்டுப் பிரியச் செய்கிறது. வீதியில் திடீரென்று வெடித்ததாகக் கருதப்படும் ரயர்களிற் பல, அதற்கு முன் பல நாளாக உள்ளுக்குள்ளே பிரிந்து கொண்டிருந்தவை. சூடேறிய ரயரில் அளந்தால் அளவு கூடிக் காட்டும். ஆகையால் விடியற்காலையில், முதற் சவாரிக்கு முன் அளக்க வேண்டும்.

இப்போது சோடியைப் பற்றி. ஒரு பின்ரயர் வெடித்தால் அதனை மட்டும் மாற்றி, மற்றதை அது தன் விதிப்படி வெடிக்கும்வரை விட்டுவிடுவது எங்கும் காணும் வழக்கம். கட்டை மாட்டையும் உயர்ந்த மாட்டையும் ஒரே நுகத்திற் பூட்டிய வண்டிலின் கதிதான் இதற்கும். புதுரயரின் சுற்றளவு கூட, பழையதன் சுற்றளவு குறைய, நேரான வீதியிலும் இரண்டும் ஒரே வேகத்திற் சுழல முடியாது. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும் பல்லுகள், அதாவது திருப்பங்களில் மாத்திரம் வேலை செய்ய வேண்டிய டிபரன்சியலின் சிறுபல்லுகள், ஓயாது அரைபடுகின்றன. இது மெல்ல வரும் நஷ்டம். விரைவாக வரும் நஷ்டத்தை மணற்காடு, நாகர்கோவில் பக்கம் ஓடுகிறவர்கள் கண்டிருப்பீர்கள்: மணலிலோ சேற்றிலோ வண்டி இறுகியதும், பிடிப்பில்லாத மொட்டை ரயர் இருந்த இடத்திலேயே சுழல, பிடிப்புள்ள மற்றது சும்மா நிற்கும். எஞ்சின் எவ்வளவு அலறினாலும், பிடியில்லாத பக்கம் தாங்கும் விசைக்கு மேல் மறுபக்கத்துக்கும் போகாதபடி அந்த டிபரன்சியல் அமைந்திருக்கிறது. மாரிமழையிலே, நீர் நிற்கும் வீதியிற் பிரேக் பிடிக்கும்போது ஒரு பின்சில்லு பிடித்து மற்றது வழுக்கினால், வண்டி பிடித்த பக்கமாகத் திரும்பப் பார்க்கும். மூன்று சில்லில் நிற்கும் வண்டி அப்படித் திரும்புவது நல்லதற்கன்று. எனவே பின்னிரண்டையும் ஒரே வகையில், ஒரே நாளிற் பூட்டுங்கள். கழற்றியவற்றுள் மிஞ்சியதை, நூல் தெரியாததாயும் வெடிப்பில்லாததாயும் இருந்தால், உபரிச் சில்லாக வையுங்கள். முன்னுக்கு மாற்றுவது பலருக்குப் பழக்கம். என் அபிப்பிராயத்தில் அது வேண்டாம். வண்டியின் திசை முழுவதும் அந்த ஒற்றைச் சில்லை நம்பியிருக்கிறது. அது வழுக்கினால் கைபிடியை எப்பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான்.

மாற்றும் முறையிலே, உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு காரியம் இருக்கிறது. இதனைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். உங்கள் வண்டியின் றிம் ஒரே துண்டன்று. இரண்டு தகட்டுப் பாதிகளை ஒன்றோடொன்று வைத்து நட்டுப் போட்டு இறுக்கியது. சில்லை வண்டியோடு பிணைக்கும் நட்டுகள் வேறு, பாதிகளைப் பிணைக்கும் நட்டுகள் வேறு. காற்று நிறைந்திருக்கும்போது இரண்டாவது வகை நட்டுகளைத் தளர்த்தினால், உள்ளே அடைபட்ட காற்றின் முழு விசையும் அந்தப் பாதிகளைப் பிளந்து எறியும்; குனிந்திருப்பவனின் முகமும் நெஞ்சும் அதற்கு நேரே இருக்கும். அனுபவம் முதிர்ந்த கையாள்கள் இதனை மறப்பதில்லை. வீதியோரத்தில், அந்தி நேரத்தில், பிரயாணி அவசரப்படுத்த, துருவேறி இறுகிய நட்டோடு போராடும் தம்பி மறக்கக்கூடும். வால்வின் ஊசியைக் கழற்றி, சீறும் சத்தம் அடங்கி, ரயர் கைக்குத் தளர்ந்து மெத்தென்று அமுங்கும்வரை பாதிகளின் நட்டிற் சாவி வைக்கலாகாது. மேலே நான் சொன்ன ஒட்டுக்கடைக்காரர் ஊசியைக் கழற்றியபின் அதனை வாயிற் கவ்விக்கொள்வார். சாவி எடுப்பதற்கு முன் ஊசி தன் வாயில் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவாம். சுகாதாரத்துக்கு ஒவ்வாத பழக்கம், ஆனால் அதற்குமேல் நல்ல பரீட்சை எனக்குத் தோன்றவில்லை.

திரும்பப் பூட்டும்போது கவனிக்க வேண்டியது ரியூப். நீண்டகாலம் ஓடிய ரியூப் நீண்டு பெருத்திருக்கும். புதுரயருக்குள் அதனை வைத்தால் மடியும், மடிப்பிலே வெடிக்கும். புதுரயருக்குப் புது ரியூப். அதற்குச் சற்றே பவுடர் தூவி, உருவம் எடுக்கும் அளவுக்கு மாத்திரம் காற்றூதி, இரண்டு பாதிகளுக்கும் நடுவே எங்கும் கடிபடவில்லை என்று விரலாற் சுற்றிலும் பார்த்துப் பிறகு இறுக்க வேண்டும். றிம்மின் உட்புறத் துருவை அரத்தாளால் தேய்த்து ஒரு பூச்சுப் பூசினால், தீவுப்பகுதிக்காரருக்கு ஒட்டுச் செலவு குறையும். புதுரயர் அச்சிலிருந்து வந்த வழுவழுப்போடு இருக்குமாதலால், முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீற்றர் வரையில் திருப்பங்களில் அடக்கமாக ஓட்டுங்கள்.

வாங்கும்போது எண்களைப் படியுங்கள். ரயரின் பக்கத்திலே நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதலிரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்திற் பிறந்தது. கடைவாசலில் வெயிலிலே தொங்கவிட்டு வருஷக்கணக்காய்க் காய்ந்த ரயர், ஒருநாளும் ஓடாததாயினும் கிழடு. பக்கச்சுவரை விரலால் மடித்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்புகள் தெரியும். நூற்படையின் பலத்தைக் குறிக்கும் எண்ணையும் பாருங்கள். மூட்டை ஏற்றுகிறவர்களுக்குப் பலம் கூடியது வேண்டும். றீபில்ட் ரயரை நான் இழிவாகப் பேசமாட்டேன்; உடல் நல்லதாயிருந்து, வேலையும் நன்றாயிருந்தால் அது ஏழைக்கு உபகாரி, ஆனால் முன்சில்லுக்கு ஆகாது. மொட்டை ரயரிலே சூட்டுக் கத்தியால் வரி கீறிப் புதிதுபோலக் காட்டும் சாதுரியத்தைத்தான் மன்னிக்க முடியாது. மிஞ்சியிருக்கும் கொஞ்ச இறப்பரையும் கிழித்து, நூலுக்கு வழிவிட்டு, கண்ணை மாத்திரம் ஏமாற்றுகிறது அது.

"எங்கடை நாட்டிலேயே இறப்பர் விளையுது, பிறகேன் இந்த விலை?" என்று நீங்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. 1876 ஆம் ஆண்டிலே கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் முதல் இறப்பர் கன்றுகள் நாட்டப்பட்ட காலம் முதல், களுத்துறையும் கேகாலையும் இரத்தினபுரியும் பால் வெட்டிக் கொண்டேதான் இருக்கின்றன. களனியிலும் பிற இடங்களிலும் முச்சக்கர வண்டி ரயரும் வார்க்கிறார்கள். எனினும் ரயர் என்பது மரத்துப் பால் மாத்திரமன்று. கறுப்பு நிறத்தையும் தேய்வைத் தாங்கும் வன்மையையும் தரும் கரித்தூளும், நைலோன் நூலும், செயற்கை இறப்பரும் எண்ணெய்க் கிணற்றின் வழித்தோன்றல்கள். அவை டொலரில் வருகின்றன. 2022 இல் ஒரு டொலர் இருநூறு ரூபாவிலிருந்து சில வாரங்களுக்குள் முந்நூற்றறுபது வரை பாய்ந்தபோது ரயரின் விலையும் கூடவே பாய்ந்ததற்குக் காரணம் அதுதான்.

விலை நம் கையில் இல்லை. கணக்கு நம் கையில் உண்டு. ஒரு பேச்சுக்கு, பின்ரயர்ச் சோடியும் ரியூப்புகளும் 24,000 ரூபா என்றும், அவை உங்கள் பாதையில் 12,000 கிலோமீற்றர் ஓடுகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீற்றருக்கு இரண்டு ரூபா ரயரிலிருந்து தேய்ந்து வீதியில் ஒட்டுகிறது. திருநெல்வேலியிலிருந்து பட்டணத்துக்கு மூன்று கிலோமீற்றர்ச் சவாரி. வெறுவண்டியாகத் திரும்பி வரும் தூரத்தையும் சேர்த்தால் பன்னிரண்டு ரூபா. அந்தப் பன்னிரண்டு ரூபா கூலிக்காசோடு உங்கள் சட்டைப்பைக்குள் வந்து விழுந்தபோதிலும் அது உங்கள் லாபமன்று, பின்சில்லின் பங்கு. பெற்றோலுக்குரியதை அன்றன்றே கொடுத்துவிடுகிறீர்கள், கொடுக்காவிட்டால் வண்டி நின்றுவிடும் என்பதால். ரயர் கடன் சொல்லி ஓடுகிறது, அதனால் அதன் பங்கையும் வீட்டுச் செலவோடு செலவழித்துவிட்டு, வெடித்த அன்றைக்கு வட்டிக்காரனிடம் போகிறீர்கள். வெடித்த நாளின் சவாரி போகிறது. சில வேளை றிம்மும் நெளிகிறது. அவசரத்தில் அகப்பட்ட ஒற்றை ரயரை, கேட்ட விலைக்கு வாங்க வேண்டியாகிறது. நூல் தெரியும்வரை ஓடி மிச்சம் பிடித்தது அந்தக் கடைசி ஓரிரு மில்லிமீற்றர் இறப்பர். அதற்குக் கொடுத்தது இவ்வளவும். உங்கள் சொந்த வண்டியின் எண்களைப் போட்டு இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். ரயர் பூட்டிய நாளின் கிலோமீற்றரை ஆசனத்தின் அடியில் ஒரு துண்டிலே எழுதி ஒட்டிவைத்தால் அதற்குப் போதும்.

கழற்றிய பழைய ரயரை எங்கே எறிகிறோம் என்பதும் சிறு விஷயமன்று. மழைக்காலத்தில் வேலியோரம் கிடக்கும் ரயருக்குள் தேங்கும் சிரட்டையளவு தண்ணீர் டெங்கு நுளம்புக்குப் போதும். கார்த்திகை, மார்கழி, தையிலே யாழ்ப்பாணத்து வைத்தியசாலைகளில் அந்தக் காய்ச்சலோடு படுப்பவர்களிற் பலர் நீங்களே ஏற்றிச் சென்றவர்கள். ஒட்டுக்கடையிலேயே விட்டு வாருங்கள், அல்லது தண்ணீர் நில்லாதபடி துளைத்துவிடுங்கள்.

இறுதியாகத் தரிப்பிடச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். சீட்டுக் கட்டுவது எங்கள் ஊருக்குப் புதிதன்று; கலியாணத்துக்கும் கிணறு வெட்டுவதற்கும் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவதற்கும் கட்டிய சீட்டை ரயருக்கும் கட்டலாம். ஒரு தரிப்பிடத்திலே பத்துப்பேர் சேர்ந்து, நாளுக்கு ஒரு சிறு தொகை என்று போட்டால், மாதத்துக்கு ஒருவராவது இருவராவது சோடி ரயர் எடுக்கலாம். கழிவுக்கு ஏலம் போட வேண்டாம், குலுக்கவும் வேண்டாம். யாருடைய ரயரில் வரி அதிகம் அழிந்திருக்கிறதோ அவருக்கே முதலிற் கொடுங்கள். நல்லூர்த் திருவிழாவில் ஓட்டம் நன்றாயிருக்கும் காலத்திலே தொடங்கினால், மாரி இறுகுவதற்கு முன் மிக மோசமான மூன்று நான்கு வண்டிகள் திருந்திவிடும். கடைக்காரரும் பத்துச் சோடிக்கு ஒருமித்துப் பேசினால், ஒருவருக்குக் குறைக்காத விலையைக் குறைப்பார். அந்தச் சீட்டின் முதற்காசிலே காற்று அளக்கும் மானி ஒன்று வாங்கித் தரிப்பிடத்துக் கடையில் வையுங்கள். விடியற்காலையில் முதலாவதாக வந்து நிற்பவர் அதனை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிவரை ஒருமுறை நடந்து வரட்டும்.

இங்ஙனம்,
உங்கள் பின்னிருக்கைப் பிரயாணி